கை வாக்கி டாக்கி சென்னைக்கு எட்டாது

"புயலில் டவர் விழுந்தாலும் 2,000 ரூபாய் வாக்கி டாக்கியில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பேசலாம், லைசென்ஸ் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

5 வாட் கைக்கருவியின் வி.எச்.எஃப் (மிகு உயர் அதிர்வெண்) அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தான் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சில கிலோமீட்டர் எட்டும். கீழே இறங்கி, வளவின் (உள்முற்றப் பகுதியின்) கனத்த சுவருக்குப் பின்னால் நின்றால் அதுவும் கரகரப்புதான். சென்னையோ சுமார் 400 கிலோமீட்டர். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் எச்.எஃப் (சிற்றலை) செட்டும், 20 மீட்டர் கம்பி ஆன்டெனாவும் வேண்டும். (கட்டுவதற்கு நம்மூர் வீடுகளில் இடத்துக்கா பஞ்சம்!)

அப்புறம், இப்படிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களுக்கான ஹாம் அலைவரிசையில் பேச மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் வாங்கியாக வேண்டும்.

கேட்க மட்டும் ஆசையென்றால், எஸ்.எஸ்.பி (ஹாம்காரர்கள் பேசும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) வசதியுள்ள சிற்றலை ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத செட்டில் ஹாம் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் கேட்கும்.