பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் அவர் செவிலியர் இல்லையாம்

இரவுப் பணியில் ஒரு மூதாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். நான் ஓடிப்போய், சக்கரம் வைத்த கம்பத்தில் மாட்டியிருக்கும் காணொளித் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, பொத்தானை அழுத்திவிட்டு, எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வரும்வரை அவருடைய கையைப் பிடித்தபடி அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். தமிழ்நாட்டில் நான்கு ஆண்டுகள் பி.எஸ்சி. நர்சிங் படித்து, அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, கடல் கடந்து வந்ததெல்லாம் இப்படி நிற்பதற்குத்தானா என்று ஒவ்வொரு இரவும் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது.

நான் இருப்பது டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஹிடால்கோ கவுண்டியில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிக் வம்சாவளியினர். வயதானவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே சரளமாக வரும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் ஒழுங்காக வந்து சேராத ‘கொலோனியா’ என்ற குடியிருப்புகளிலிருந்து, நீரிழிவு முற்றிப் புண்ணாகிப்போன கால்களோடு வருகிறார்கள். நம் ஊரில் ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்பதைப் போலவே இவர்களும் நீரிழிவை ‘அசூகார்’ என்றுதான் சொல்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அதற்கு முன்பு எத்தனை பேர் என்னிடம் அதைச் சொல்லி, நான் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பேனோ தெரியாது.

எனக்கு உரிமம் கொடுத்தவர்களில் ஒருவர்கூட எனக்கு ஸ்பானிய மொழி தெரியுமா என்று கேட்கவில்லை. ஆங்கிலத் தேர்வு எழுதச் சொன்னார்கள், எழுதினேன். 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வெளிநாட்டில் படித்த செவிலியருக்கு விதித்த சான்றிதழ்ச் சரிபார்ப்பை முடித்தேன். செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வையும் ஆங்கிலத்திலேயே எழுதித் தேறினேன். டெக்சாஸ் செவிலியச் சட்டம் பற்றித் தனியாக ஒரு தேர்வு, அப்புறம் கைரேகை. எல்லாம் முடிந்து, நோயாளி பேசுவது ஒரு சொல்லும் விளங்காத ஒருத்தியை முழுத் தகுதி பெற்ற செவிலியர் என்று வார்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

இப்போது என் அடுத்த வீட்டு அக்காவின் கதைக்கு வருகிறேன். நான்தான் அவரை அக்கா என்று அழைக்கிறேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ரெய்னோசாவில் பிறந்தவர். மெக்சிகோவின் முறைப்படி செவிலியப் பட்டப்படிப்பை முடித்து, கட்டாயச் சமூக சேவை ஆண்டையும் முடித்து, அரசு வழங்கும் தொழில்முறை அட்டையைப் பெற்று, பத்தாண்டுகளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். இந்தப் பக்கத்து ஆளை மணந்து, நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டையோடு வந்து சேர்ந்தார். இங்கே அவருடைய வேலை என்ன தெரியுமா? வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, துணி துவைப்பது. இந்தப் பள்ளத்தாக்கில் அதை ‘ப்ரொவைடர்’ வேலை என்பார்கள். மானமுள்ள வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தான் குளிப்பாட்டும் பெரியவருக்கு மூச்சு மாறுவதை முதல் ஆளாகக் கண்டுபிடிக்கும் அறிவு அவருக்கு இருக்கிறது. அவருக்கு ஓர் ஊசி போடும் அனுமதி கிடையாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அந்த ஆம்புலன்ஸ் அந்தப் பெரியவரை என்னிடம் கொண்டுவருகிறது. நான் திரையைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த ஊருக்காகவே சொன்னதுபோல இருக்கிறது.

உரிமமே வேண்டாம் என்று நான் வாதாடுவதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். பொட்டாசியத்தை எந்த வேகத்தில் ஏற்றலாம் என்று தெரியாதவர் கையில் நோயாளியை ஒப்படைக்க நானும் சம்மதிக்க மாட்டேன். மெக்சிகோவில் செவிலியர் என்ற பெயரில் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள், குறுகிய பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. தேர்வு வையுங்கள். என் குமுறல் தேர்வைப் பற்றியது அல்ல, தேர்வு எழுதும் நாற்காலியில் போய் உட்காருவதற்கு முன்பு ஆளை அலைக்கழிக்கும் காகிதங்களைப் பற்றியது. மதிப்பெண் பட்டியலைப் படித்த கல்லூரியே நேரடியாக மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய ஒவ்வொன்றிலும் வகுப்பறைப் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் இருந்தனவா என்று பார்த்து, ஒன்றில் குறை இருந்தாலும் அதைத் திரும்பப் படித்துவிட்டு வரச் சொல்வார்கள். பாடத்திட்டம் இரண்டு முறை மாறிப்போன ஒரு கல்லூரியிடம் போய், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பயிற்சி நேரக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று.

இதையெல்லாம் நானும் கடந்து வந்தவள்தான். ஆனால் எனக்குப் பின்னால் ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனம் இருந்தது. கட்டணத்தைக் கட்டியது, எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. எல்லைக்கு அப்பால் இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் ஒருவருக்காக எந்த நிறுவனமும் அப்படி மெனக்கெடுவதில்லை.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பார்கள். 1994இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்கிடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதே, இரு அண்டை நாடுகளின் செவிலியர் உள்ளிட்ட தொழில் வல்லுநர்களுக்குத் தனி விசா வகை உண்டாயிற்று. 2020இல் வந்த புதிய ஒப்பந்தமும் அதைத் தொடர்கிறது. அதிலும் பாரபட்சம் இருந்தது. மெக்சிகோவினருக்கு மட்டும் 2003ஆம் ஆண்டு இறுதிவரை ஆண்டுக்கு 5,500 பேர் என்று உச்சவரம்பு. கனடா நாட்டவர் எல்லைச் சாவடியிலேயே விண்ணப்பிக்கலாம்; மெக்சிகோ நாட்டவர் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வடக்கே டெட்ராய்ட்டில் போய்ப் பாருங்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வின்ட்சரிலிருந்து செவிலியர்கள் நாள்தோறும் பாலத்தையும் சுரங்கப்பாதையையும் கடந்து வேலைக்கு வந்து, மாலையில் வீடு திரும்புகிறார்கள். கியூபெக் தவிர்த்த கனடா 2015இலேயே என்கிளெக்ஸ் தேர்வைத் தன் தேர்வாக ஏற்றுக்கொண்டது அதற்குப் பெரிய வசதி. அங்கேயும் ஆறுதான், இங்கேயும் ஆறுதான். அங்கே அது வேலைக்குப் போகும் வழி, இங்கே அது அகழி.

ஆள் பற்றாக்குறை வந்தால் என்ன செய்கிறார்கள்? 13 வார ஒப்பந்தத்தில் வேறு மாநிலங்களிலிருந்து செவிலியரை வரவழைக்கிறார்கள். டெக்சாஸ் 2000ஆம் ஆண்டிலிருந்தே பல மாநில உரிம உடன்படிக்கையில் இருப்பதால், அதில் சேர்ந்த எந்த மாநிலத்துக்காரரும் புதிதாக உரிமம் வாங்காமல் வந்து வேலை பார்க்கலாம். வருபவர்களில் பலருக்கும் ‘அசூகார்’ தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். அவசர நிலையைத் தவிர வேறெப்போதும் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று கூட்டரசு விதி இருக்கிறது. திரையில் இணைப்பு அறுந்துபோன ஓர் இரவில், பாட்டியின் மாதவிடாய் நின்ற பிறகான உதிரப்போக்கைப் பற்றி ஒன்பது வயதுப் பேத்தி என்னிடம் சொல்லத் தொடங்க, நான் அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சைகையில் பேசினேன். விதியைக் காப்பாற்றினேன், பாட்டி என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இந்த ஊர்க்காரர்கள் பல் பிடுங்கவும் மருந்து வாங்கவும் பாலத்தைக் கடந்து நுவேவோ புரோகிரெசோவுக்குப் போய் வருகிறார்கள். குளிர்காலத்தில் வடமாநிலங்களிலிருந்து வரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களும் போகிறார்கள். அங்கே மெக்சிகோவில் படித்தவர்களின் கைக்கு வாயைத் திறந்து காட்ட யாருக்கும் அச்சமில்லை. அதே கை பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததும் ஆபத்தானதாகிவிடுகிறது.

மெக்சிகோவின் செவிலியரை நாம் பறித்துக்கொள்ளலாமா என்று அறம் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அக்காவை யாரும் பறிக்க வேண்டியதில்லை, அவர் என் வேலியோரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். ஓராண்டு மேற்பார்வையில், ஒரு செவிலியரின் துணையோடு வார்டில் நிற்க அவரை அனுமதித்து, அந்தக் காலத்துக்குள் தேர்வையும் எழுத வைத்தால் யாருடைய உயிருக்கு என்ன கேடு வரும்? அவர் எனக்கு ஸ்பானியம் சொல்லித்தருவார், நான் அவருக்குத் தேர்வுக் கேள்விகளைச் சொல்லித்தருவேன். இப்போதும் வாரத்தில் இரண்டு மாலைகள் என் சமையலறை மேசையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மனநலப் பிரிவில் அவர் செய்த பயிற்சி நேரம் பட்டியலில் தனியாகக் காட்டப்படவில்லையாம். கல்லூரி அதைப் பிரித்து எழுதி மீண்டும் அனுப்ப வேண்டுமாம். திங்கட்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து, மூன்றாவது முறையாக அந்த அலுவலகச் சன்னலில் நிற்கப் போகிறார். அன்றிரவு எனக்குப் பணி இருக்கிறது. திரைக்கு மின்னேற்றி வைக்க வேண்டும்.