கரியை அணைத்த இங்கிலீஷ்

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் போனாலே கரி வாசனை வரும். அன்றைக்கு வரவில்லை. வண்டிக்கடியில் கரியெல்லாம் ஈரமாகக் கிடக்க, பித்தளைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருக்க, அண்ணன் செல்போனை முறைத்துக்கொண்டிருந்தார். என் சட்டைகள் ஆறும் காலையில் கொடுத்த மூட்டையிலேயே இருந்தன.

நான்: என்ன அண்ணே, பெட்டி ஆறிப்போய்க் கிடக்கிறது?

அண்ணன்: அணைக்கச் சொன்னாங்க, அணைத்துவிட்டேன்.

நான்: யாரு?

அண்ணன்: மூணாவது மாடிக்குப் புதுசாக் குடிவந்த மேடம். அமெரிக்காவில் வளர்ந்தவங்க, தமிழ் சுத்தமாக வராது. எனக்கு இங்கிலீஷ் பாதி வரும். நடுவில் இந்த வாட்ஸ்அப். நீங்களே படிங்க சார்.

வாங்கிப் பார்த்தேன். மூன்றே விஷயம். வீட்டு விசேஷத்தை அடுத்த மாதத்துக்கு ‘புட் இட் ஆஃப்’ பண்ண வேண்டியதாகிவிட்டது. புடவைகளை எடுத்துக்கொண்டு நாளைக்கு ‘டிராப் இன்’ பண்ணுகிறேன். உங்களை ‘லெட் டவுன்’ பண்ணியதற்கு மன்னிக்கவும்.

நான்: இதில் கரியை எங்கே அணைக்கச் சொல்லியிருக்காங்க?

அண்ணன்: ‘புட்’ என்றால் போடு, ‘ஆஃப்’ என்றால் அணை. லைட்டை ஆஃப் பண்ணு என்கிறோமே. நடுவில் ‘இட்’. அதாவது, ‘அதை அணை’. இந்த வண்டியில் அணைக்கிற மாதிரி வேறே என்ன சார் இருக்கு? கீழே கொட்டி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கொட்டாங்குச்சி போட்டு, விசிறி விசிறிக் கனிய வைத்த கரி. அரைமணி நேரப் பாடு.

(அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கிலீஷ்காரன் ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘டர்ன் ஆன்’ என்று தலையும் வாலுமாகச் சொன்னதில் நாம் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, தலை இருந்த இடத்தில் ‘பண்ணு’வை வைத்துவிட்டோம். வாலுக்கே தனி அர்த்தம் உண்டு என்று பழகிப்போனவருக்கு முழு உருப்படி வந்தால் குழப்பம்தான்.)

நான்: ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது அண்ணே.

அண்ணன்: தள்ளுவது எங்கே சார் இருக்கு அதில்?

நான்: தனித்தனியாகப் பார்த்தால் எங்கேயும் இல்லை. சேர்ந்தால் அப்படி. நெருப்பை அணைப்பதற்கு ‘புட் அவுட்’. சட்டையை மாட்டிக்கொள்வதற்கு ‘புட் ஆன்’. பொறுத்துக்கொள்வதற்கு ‘புட் அப் வித்’.

அண்ணன்: அதில் மட்டும் எதுக்கு மூணு வார்த்தை?

நான்: பொறுத்துக்கொள்வது என்றால் கொஞ்சம் நீளமாகத்தானே இருக்கும்.

அண்ணன்: சரி, அந்த ‘லெட் டவுன்’? அதைப் பார்த்துத்தான் சார் பயந்துபோனேன். லெட் என்றால் விடு, டவுன் என்றால் கீழே. மூட்டையைக் கயிறு கட்டி இறக்கப் போறாங்களாக்கும் என்று பால்கனிக்கு நேர் கீழே போய்க் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் பார்க்கிறேன், நடுவில் ‘யூ’ இருக்கு. மூட்டையை இல்லை, என்னை இறக்குறாங்களாம். நானே தரையில் நிற்கிறேன், இன்னும் எங்கே இறக்குவது? மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்திலா? அதற்குள் வாட்ச்மேன் கேமராவில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார்.

நான்: உங்களுக்கு ஏமாற்றம் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்காங்க.

அண்ணன்: அது இருக்கட்டும் சார். இந்த ‘இட்’டும் ‘யூ’வும் நடுவில் புகுந்து உட்காருதே, அதுங்களுக்கு வேறே இடம் கிடையாதா?

நான்: கிடையாது. ‘புட் ஆஃப் இட்’ என்று சொன்னால் தப்பு. ‘இட்’, ‘ஹிம்’ மாதிரி சின்னச் சொல் என்றால் நடுவில்தான் போடணும். ‘தி ஃபங்ஷன்’ மாதிரி கொஞ்சம் பெரிசு என்றால் நடுவிலும் போடலாம், பின்னாலும் போடலாம். அதுவே ரொம்ப நீளமாகிவிட்டால் பின்னால் போடுவதுதான் வசதி.

அண்ணன்: ஓ, ஷேர் ஆட்டோ! ஒல்லியான ஆளை நடுவில் இடுக்கிவிட்டு, குண்டு ஆளை ஓரமாக உட்கார வைப்பான்.

நான் பலவருஷமாக ஆபீஸில் இங்கிலீஷ் மெயில் அடித்துப் பிழைக்கிறவன். இவ்வளவு சுளுவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான்: ஆனால் எல்லாமே ஷேர் ஆட்டோ இல்லை. ‘லுக் ஆஃப்டர்’ என்று ஒன்று, பார்த்துக்கொள்வது. அதில் நடுவில் யாரும் உட்காரக் கூடாது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான்.

அண்ணன்: அப்போ அது பைக். பின்னால்தான் உட்காரணும். இது ஷேர் ஆட்டோ, இது பைக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்: ஏறி ஏறிப் பழக வேண்டியதுதான். 1755இல் பெரிய இங்கிலீஷ் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில் ஒத்துக்கொண்டிருக்கார், வெளியாட்களுக்கு எங்கள் மொழியில் ரொம்பச் சிரமம் கொடுப்பது வினைக்குப் பின்னால் சின்னச் சொல்லை ஒட்டுகிற இந்த ஒட்டுதான் என்று.

அண்ணன்: தெரிந்தே விட்டிருக்காங்க பாருங்க. நம்ம தெருப் பள்ளம் மாதிரி. எல்லோருக்கும் தெரியும், மூடத்தான் ஆள் இல்லை.

நான்: இந்த ஒட்டுப்போட்ட வினைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிற பேரே ரொம்பப் பின்னால், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் எழுதித்தான் பரவியது.

அண்ணன்: நூற்றெழுபது வருஷம் பேர்கூட இல்லாமல் ஆளைப் படுத்தியிருக்கு! சார், இப்போதான் எனக்கு ஒன்று உறைக்குது. போன மாதம் மேடத்துக்கிட்டே, ‘மை டாட்டர் பாஸ்டு அவுட்’ என்றேன். பி.காம். முடித்துவிட்டாளே என்று பெருமையாகத்தான். உடனே மாடிக்கு ஓடி இளநீரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் எடுத்துவந்து கொடுத்தாங்க. பட்டம் வாங்கினால் அமெரிக்காவில் இதுதான் வழக்கம் போலிருக்கு என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்: அவங்க ஊரில் ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அண்ணன்: அதுதான், ‘ஹாஸ்பிட்டல்?’ என்று கேட்டாங்க. ‘நோ, நோ, பேங்க்’ என்றேன். பேங்க் வேலைக்கு முயற்சி பண்றாள் என்கிற அர்த்தத்தில்.

நான்: பேங்க்கில் மயங்கி விழுந்தாள் என்று நினைத்திருப்பாங்க.

அண்ணன்: இந்தா இருக்கு பரங்கிமலை. 1963இலிருந்து அங்கே பட்டாளத்து ஆபீசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாங்க. முடித்தால் ‘பாசிங் அவுட் பரேடு’. அப்போ அத்தனை பேரும் மயங்கியா சார் விழுறாங்க?

நான்: வெயிலில் நிற்பதற்கு விழுந்தாலும் விழலாம். பட்டாளத்தில் அதற்குப் பயிற்சி முடித்து வெளியே வருவது என்று அர்த்தம், அண்ணே. நாம் அதைக் காலேஜுக்கும் வைத்துக்கொண்டோம்.

அண்ணன்: என்ன மொழி சார் இது! நம்ம தமிழில் இந்தத் தில்லுமுல்லு உண்டா? போடு என்றால் போடு. அவ்வளவுதான்.

நான்: போட்டுக்கொடு என்றால்?

அண்ணன்: அது கோள் சொல்வது.

நான்: ஆட்டோக்காரர் ‘மேலே போட்டுக் கொடுங்க சார்’ என்றால்?

அண்ணன்: அது காசு.

நான்: போட்டுத்தள்ளு?

அண்ணன்: சார், மெதுவாகப் பேசுங்க, வாட்ச்மேன் இந்தப் பக்கமே பார்க்கிறார்.

நான்: வாங்கிக்கட்டிக்கொண்டேன்?

அண்ணன்: அது எங்கள் வீட்டில் தினமும்.

நான்: என்ன வாங்குவீங்க, எங்கே கட்டுவீங்க?

அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

நான்: படம் ஊற்றிக்கொண்டது. யார் ஊற்றினாங்க, எதை? நாளைக்கு அந்த மேடம் தமிழ் கற்றுக்கொண்டு இதைக் கேட்டால், துடைப்பதற்குத் துணி கொண்டுவந்து நிற்பாங்க.

(இங்கிலீஷ் பாவம், வினைக்குப் பின்னால் துக்கடா துக்கடாச் சொல்லை ஒட்டுகிறது. நாம் முழுசாக இன்னொரு வினையையே கொண்டுவந்து ஒட்டுகிறோம். கூத்து என்னவென்றால், ‘லுக் ஆஃப்டர்’, ‘பார்த்துக்கொள்’ இரண்டிலுமே கண்தான் வேலை செய்கிறது. யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை.)

அண்ணன் கொஞ்சநேரம் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். ‘காட்டிக்கொடு, விட்டுக்கொடு, கழட்டிவிடு’ என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என் மூட்டையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

நான்: என்ன அண்ணே இது?

அண்ணன்: இனிமேல் கரி போட்டால் கனியறதுக்குள் எட்டு மணி ஆகிடும் சார். உங்கள் சட்டையை நாளைக்குப் ‘புட் ஆஃப்’ பண்ணிட்டேன். நடுவில் ‘இட்’ போடணுமா?

நான்: காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் போகணுமே! கசங்கின சட்டையோடு நான் என்ன பண்றது?

அண்ணன்: அதான் நீளமாக ஒரு புட் சொன்னீங்களே சார், மூணு வார்த்தையில். அதைப் பண்ணுங்க.