நிரம்பியே திரும்பும் தண்ணீர் பாட்டில்

கீழ் வீட்டு அக்கா பதினாறு வருடமாகத் துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறார். இரவு பத்தரைக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தால், கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். கணுக்காலை விரலால் அமுக்கினால் விழும் குழி நிரம்ப நேரமாகும்.

போன வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். காலின் ரத்தக் குழாய் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயின், கூடவே சிறுநீர்த் தொற்று. "அதிக நேரம் நிற்காதீர்கள். அவ்வப்போது காலை உயர்த்தி வையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்." தவறாக ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். வெளியே வந்ததும் அக்கா சிரித்துவிட்டார். "இதில் எது என் கையில் இருக்கிறது, சொல்லு?"

நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் ரத்தக் குழாயின் வால்வுகள் தளர்ந்துவிடும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். காலையில் நிரப்பிக்கொண்டு போகும் பாட்டில் இரவில் அப்படியே திரும்பி வருகிறது.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் கேரளத்தில் சட்டமே வந்தது. 2021இல் தமிழ்நாடும், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. அக்காவின் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அதில் உட்கார்ந்தவரை மறுநாளே குடோனுக்கு மாற்றினார்களாம்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் தந்த காபியைக் குடித்தவள்தான் நான்.

நோய் என்றாலே உடனே பரம்பரை, சாப்பாடு, சோம்பல் என்று ஆரம்பித்துவிடுகிறோம். லண்டனில் 1967இல் தொடங்கி அரசு ஊழியர்களையே ஆராய்ந்தார்கள். யாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்ல. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பிறர் சொன்னபடியே நாளெல்லாம் நிற்கிறவரின் உடம்பைப் பற்றி இனி யாராவது "வாக்கிங் போகலாமே" என்றால் எனக்குக் கோபம் வரும்.

அக்காவுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம் என்றிருக்கிறார் மருத்துவர். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார் அக்கா. அதுவரை ஞாயிறுகூட விடுமுறை கிடையாது.