மானியம் மட்டுமே காரணமில்லை

"மானியம் கொடுத்தால்தான் சிறு பட்டறைக்காரர்கள் கார்பன் வெளியீட்டைக் குறைப்பார்கள்" என்று சொல்வது சோலாருக்கு ஓரளவு பொருந்தும். அதிலும் வாடகை ஷெட் என்றால் கூரையே அவர்களுடையதில்லை, மானியம் இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் அவர்களை அசைப்பது கரண்ட் பில்தான்.

மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசரைப் பாருங்கள். 7 பார் (அழுத்த அளவு) அழுத்தத்தில் காற்றுக் குழாயில் 3 மி.மீ. ஓட்டை இருந்தால் சுமார் 3 கிலோவாட் தின்னும். தினம் 10 மணி நேரம், 300 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 72,000 ரூபாய். அடைக்க ஒரு ஹோஸ் கிளிப், கொஞ்சம் டெஃப்லான் டேப் போதும். ஆனால் லேத் சத்தத்தில் கசிவு காதில் விழாது. காற்று பத்தவில்லை என்று அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஒவ்வொரு பார் ஏற்றும்போதும் 6-7 சதவீதம் மின்சாரம் கூடும், கசிவும் கூடும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட்டு, லைனில் காற்றழுத்தம் இருக்கும்போதே கப்ளர்களில் (குழாய் இணைப்புகளில்) சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.