214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647

2147483647. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது மனப்பாடம். கம்ப்யூட்டரின் 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 32 கட்டங்களில், பிளஸ், மைனஸ் குறியோடு அடங்கக்கூடிய மிகப் பெரிய எண். 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் பார்வைக் கணக்கு இதைத் தாண்டியதால் யூடியூப் கவுண்டரையே பெரிதாக்க வேண்டி வந்தது. 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07 ஆனதும் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய சிஸ்டங்களின் கடிகாரம் முட்டப்போவதும் இதில்தான். உடனே இதை 'மர்ம எண்' என்று பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். இதில் என்ன மர்மம்? மூட்டை நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

வியக்க வேண்டிய விஷயம் வேறு. இது ஒரு பகா எண். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தற்செயல். 16 பிட்டின் எல்லையான 32767 ஏழால் வகுபடும். 64 பிட்டின் எல்லை, 9223372036854775807, ஏழால் இரண்டு தடவை வகுபடும். நடுவில் இது மட்டும் எதற்கும் மசியாது.

மசியாது என்று 1772-லேயே நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், அதுவும் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட பிறகு. நேர்வழியில் போனால், வர்க்கமூலமான 46340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 4800 எண்கள்! ஆய்லர் அப்படிப் போகவில்லை. இந்த எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபட்டே தீரும். அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களைத் தவிர வேறு எதையும் தொடவே வேண்டாம். 46340-க்குள் அப்படிப்பட்டவை 373தான். அதிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் முதலில் நிற்பது 311. நம் பள்ளிப் பாடம் 100 வரை சல்லடை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இந்த இடத்தைக் காட்டியிருந்தால் எத்தனை பேர் கணக்கின் பக்கம் வந்திருப்பார்களோ!

இதே எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வரும். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண் இனி கிடைக்கப்போவதில்லை, பயனில்லாத வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று எழுதிவைத்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணையும் பகா எண் என்று காட்டிவிட்டார். நிறைவெண்ணும் கூடவே பெரிதானது. வேடிக்கைக்காக மெனக்கெடுகிற ஜென்மங்களைப் பற்றி பார்லோவுக்குத் தெரியவில்லை, பாவம்.

பயன் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஒன்று: ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டே போவது தற்போக்கு (ரேண்டம்) எண்கள் உண்டாக்கும் பழைய முறை. சி பிளஸ் பிளஸ் என்ற புரோகிராம் மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 16807-ஐத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு உண்டு. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, பெருக்கும் எண்ணும் அதற்குப் பொருந்தி வர வேண்டும். 16807 அப்படிப் பொருந்துவதால், பூஜ்யத்தைத் தவிர அத்தனை மீதிகளையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்.