பழைய போர்ஷே 911-க்கு ஆயில் பார்ப்பது எப்படி: அந்த ஃபார்வர்டு தவறு

"எந்தக் காராக இருந்தாலும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஆஃப் செய்த நிலையில்தான் ஆயில் பார்க்க வேண்டும், பழைய போர்ஷே 911-க்கும் இதுதான்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பெரும்பாலான கார்களுக்கு இது சரி. ஆனால் 1964 முதல் 1998 வரை வந்த, காற்றால் குளிரும் 911-க்குத் தவறு.

அதில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்குவதில்லை, தனி டேங்க்கில் இருக்கும், ட்ரை சம்ப் என்பார்கள். வண்டி சும்மா நிற்கும்போது டேங்க்கில் உள்ள ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் இறங்கிவிடும், அதனால் காலையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவினால் காய்ந்துபோய்க்கூட இருக்கும், உடனே பயந்துபோய் ஒரு கேனை ஊற்றுவோம். அப்புறம் சூடானதும் மிகுதி ஆயில் பிரீதர் (ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் வந்து, பின்னால் நீலப்புகை! (இன்ஜினே போச்சு என்று நினைத்தவர்கள் உண்டு.)

நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே பாருங்கள். உங்கள் மாடலின் ஓனர் மேனுவலிலேயே இது இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். அந்த மெசேஜை மேற்கொண்டு அனுப்ப வேண்டாம், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.