எடைக்குப் போட்டா தேறாதுங்க

ஞாயிற்றுக்கிழமை நம்ம பெங்களூருத் திரைப்பட வட்டக் குழுவுல, அமெரிக்க மியூசியம் ஒண்ணுல தொங்கற ‘ஜாஸ்’ படத்துச் சுறா பொம்மையோட போட்டோவுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா ‘எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்?’ங்கற கமெண்ட்டுக்கு விழுந்த சிரிப்பைப் பார்த்தப்புறம் முடியல. சிரிச்சதுல பாதிப் பேர் என் பக்கத்துல உட்கார்ந்து அதே படத்துக்குக் கை தட்டினவங்க.

எடை கிட்டத்தட்ட 550 கிலோ சார். நீளம் 25 அடி. எல்லாம் ஃபைபர்கிளாஸ். உங்க கணக்குல ஒண்ணும் தேறாது.

1975-ல வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செஞ்ச இயந்திரச் சுறா மூணு. உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஓயாம மக்கர். 55 நாள்ல முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்துது. சுறா ஒழுங்கா வேலை செய்யாததாலதான் டைரக்டர் ஸ்பீல்பெர்க், சுறா மேல ஈட்டியால மாட்டி விட்ட மஞ்சள் பீப்பாயையும் முதுகுத் துடுப்பையும் காட்டியே நம்மை நடுங்க வெச்சார். அந்த மூணும் வீணாப் போச்சு. மிஞ்சினது, அதே அச்சுல வார்த்த நாலாவது. யுனிவர்சல் ஸ்டுடியோவுல தலைகீழாத் தொங்கிச்சு, வர்றவங்க போறவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கலிஃபோர்னியா சன் வேலியில ஒரு குஜரிக் கடைக்கு, அதாவது காயலான் கடைக்குப் போச்சு. ஆமா, குஜரிதான். அங்க கால் நூற்றாண்டு வெயில்ல நின்னுது. 2016-ல கடைக்காரர் அதை விக்கல. ஆஸ்கர் கொடுக்கற அகாடமியோட மியூசியத்துக்குச் சும்மாவே கொடுத்துட்டார். ஹாலிவுட் மேக்கப், எஃபெக்ட்ஸ் கலைஞர் கிரெக் நிக்கோடெரோ அதைச் சீர் பண்ணினார். இப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல எஸ்கலேட்டர் பக்கத்துல அந்தரத்துல தொங்குது.

ஒரு குஜரிக்காரருக்குத் தெரிஞ்சது திரைப்பட வட்டத்துக்குத் தெரியல. அது குப்பை இல்லைங்க.

‘அது படத்துல வரவே இல்லையே, எப்படி ஒரிஜினல்?’னு ஒருத்தர் மடக்கிட்டதா நினைச்சுக் கேட்டிருக்கார். வரல, சரி. மூணு அண்ணனும் போனப்புறம் மிச்சம் இருக்கற தம்பிகிட்டப் போய் ‘நீ அவங்க இல்லையே’ன்னு கேட்பீங்களா? படத்தோட கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸ் வரைஞ்ச அதே உருவம், அதே அச்சு. போதும் எனக்கு.

‘சோத்துக்கே வழியில்லாத நாட்டுல இதெல்லாம் தேவையா?’ இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல டிக்கெட்டுக்கு நிக்கறப்ப இந்தச் சோறு உங்களுக்கு ஞாபகம் வந்ததில்ல.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: ஸ்ரீராமபுரத்துல எங்க மாமா, பகல்ல தச்சு வேலை, ராத்திரியில நாடகத்துக்குக் கிரீடம், கதாயுதம் செய்யறவர். களிமண் அச்சு மேல பழைய தினத்தந்தியைக் கிழிச்சுக் கிழிச்சு ஒட்டுவார். புளியங்கொட்டைப் பசை வாசனை வீடு பூரா அடிக்கும். காய்ஞ்சதும் மேல ஜிகினா. பீமனோட கதாயுதத்தை நான் ஒத்தைக் கையால தூக்குவேன். கிரீடத்தைக் கவிழ்த்தா உள்ள அன்னிக்குத் தங்க விலை, ஒரு சினிமா விளம்பரத்தோட பாதி, எல்லாம் படிக்கலாம். மாமா போன காரியம் முடிஞ்ச கையோட அவர் பையன் குஜரி வண்டிக்காரனைக் கூப்பிட்டு மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துட்டான். ‘பேப்பர் விலைக்குக்கூட எடுக்கலடா, ஜிகினா ஒட்டியிருக்காம்’னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நீங்க எல்லாம் சிரிச்சீங்களே, அதே சிரிப்பு.

‘அமெரிக்காக்காரன் பொருள், நமக்கென்ன?’ன்னு கேட்ட அண்ணனுக்கு: சரிங்கண்ணா, நம்ம ஊருக்கே வருவோம். இங்கிருந்து 50 கிலோமீட்டர்ல ராமநகரம். 1973-ல ‘ஷோலே’ படத்துக்காக அங்க இருக்கற பாறைக்கு அடியில கலை இயக்குநர் ராம் எடேகர் ஒரு முழு கிராமத்தையே எழுப்பினார். பாறை இருக்கு, கிராமம் எங்க? அமிதாப் சுண்டிச் சுண்டிக் காட்டின, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற அந்தக் காசு? அது யார்கிட்ட இருக்குன்னு நம்ம வட்டத்துல ஒருத்தராவது, ஒரே ஒரு தடவை, கேட்டிருக்கோமா? பிடதியில தட்டே இட்லி சாப்பிடுவோம், பாறைக்கு முன்னாடி செல்ஃபி எடுப்போம், ‘கித்னே ஆத்மி தே’ன்னு கப்பர் சிங் மாதிரி கத்துவோம், திரும்பி வந்துடுவோம். சினிமா ரசனையாம்!

அட்மின் ‘பர்சனலா எடுத்துக்காதீங்க’ன்னு மெசேஜ் போட்டிருக்கார். வேற எப்படி எடுத்துக்கறதுன்னு அவரே சொல்லட்டும். அடுத்த மாச ராமநகரம் டிரிப்புக்கு என் பேரை எடுத்துடுங்க. வேனுக்குக் கொடுத்த பணத்தை ஜிபே பண்ணிடுங்க, நம்பர் அவர்கிட்ட இருக்கு.